ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை: எச்.ஐ.வி. சிகிச்சை உலகை எட்டிய விதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி. பற்றிப் பேசக் கூப்பிடும் கூட்டங்களில் முதலில் எழும் கேள்வி எப்போதும் "எப்படிப் பரவும்?" என்பதுதான். அதற்கு விடை அனேகமாக எல்லோருக்குமே தெரியும். சிகிச்சை பற்றிய கேள்விகள் கூட்டம் கலைந்த பிறகு, தயங்கித் தயங்கி, தனியாக வந்து கேட்கப்படுகின்றன. அப்படிக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எச்.ஐ.வி. வந்துவிட்டால் சாவு நிச்சயம்தானே?

இல்லை. தொற்றைக் காலத்தோடு கண்டுபிடித்து, அன்றிலிருந்து விடாமல் மருந்து எடுத்துக்கொள்ளும் ஒருவர் மற்றவர்களைப் போலவே ஏறக்குறைய முழு ஆயுளும் வாழலாம். வேலைக்குப் போகலாம், திருமணம் செய்துகொள்ளலாம், தொற்றில்லாத குழந்தையைப் பெற்றுக்கொள்ளலாம்.

2004ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் ஏறத்தாழ 21 லட்சம் பேர் இறந்தார்கள். 2024இல் அந்த எண்ணிக்கை 6 லட்சத்து 30 ஆயிரம். இருபது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது. தடுப்பூசி வரவில்லை, முழுதாகக் குணமாக்கும் மருந்தும் வரவில்லை. இருக்கிற மருந்து ஏழைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அதுதான் பெரிய காரணம்.

நம்மூரில் இந்தச் செய்தி மெதுவாகத்தான் பரவியது. "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று சுவர் சுவராகக் கேட்ட விளம்பரம் இன்றும் பலருக்கு நினைவிருக்கிறது. அது வந்த காலத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியிருக்கவில்லை. பயம் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த வேகத்தில், "மருந்து வந்துவிட்டது" என்ற செய்தி போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியின் விலையை எச்.ஐ.வி. உள்ளோர் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மருந்து சாப்பிட்டும் ஏன் குணமாவதில்லை?

இந்த வைரஸ் உடலின் எதிர்ப்பு அணுக்களான சி.டி.4 செல்களுக்குள் புகுந்து, தன் மரபுப் பொருளை அந்தச் செல்லின் மரபுப் பொருளோடு தைத்துவிடுகிறது. பிறகு அந்தச் செல்லே வைரஸின் நகல்களைச் செய்து தள்ளும் பட்டறையாகிவிடுகிறது. இன்று உலகில் மிகப் பரவலாகத் தரப்படும் மாத்திரையில் மூன்று மருந்துகள் இருக்கின்றன: டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50. முதல் இரண்டும் வைரஸ் தன் மரபுப் பொருளை நகலெடுக்கும் வேலையைக் கெடுக்கின்றன, மூன்றாவது அந்தத் தையலைத் தடுக்கிறது. ஒரே மருந்தாக இருந்தால் வைரஸ் உருமாறி அதைத் தாண்டிவிடும். மூன்றையும் ஒரே நேரத்தில் தாண்டுவது அதற்கு மிகவும் கடினம். அதனால்தான் தமிழில் இதைக் கூட்டு மருந்துச் சிகிச்சை என்கிறோம்.

ஆனால் சில செல்களுக்குள் வைரஸ் நகலெடுக்காமல் உறங்கிக் கிடக்கிறது. உறங்குவதை மருந்து தொடுவதில்லை. மருந்தை நிறுத்தினால், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே அது விழித்துக்கொள்கிறது. எனவே சிகிச்சை ஆயுள் முழுவதற்கும்.

1996லேயே மருந்து வந்துவிட்டதே, ஏழை நாடுகளுக்கு ஏன் அத்தனை காலம் ஆனது?

விலை. வேறு காரணங்களும் சொல்லப்பட்டன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து ஏ.இசட்.டி. தனியாகக் கொடுத்தால் சில காலம்தான் தாங்கியது. 1996இல் கனடாவின் வான்கூவரில் நடந்த மாநாட்டில், மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் படுத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள் என்று அறிவிக்கப்பட்டது. பணக்கார நாடுகளில் எய்ட்ஸ் மரணங்கள் உடனே சரியத் தொடங்கின. ஆனால் அந்தச் சிகிச்சைக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் டாலர் வரை ஆயிற்று. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில், மருந்தோ வேறெங்கோ. 2000ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் சிகிச்சையில் இருந்தவர்கள் ஏழு லட்சத்துக்கும் குறைவு.

மருந்தைத் தயாரிக்க அத்தனை செலவாகவில்லை. காப்புரிமை இருந்ததால் அதே மருந்தை வேறு யாரும் செய்து விற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அந்த விலை எப்படி இறங்கியது?

இதில் இந்தியாவின் பங்கு பெரிது. 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. வேறு முறையில் தயாரிக்கத் தெரிந்தால் அதே மருந்தைச் செய்து விற்கலாம். முப்பது ஆண்டுகளில் அந்தச் சட்டத்தின் நிழலில் பெரிய மருந்துத் தொழிலே வளர்ந்தது.

2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுஃப் ஹமீது, மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்ற பன்னாட்டு மருத்துவத் தொண்டு அமைப்புக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. "முடியாது" என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்த வேலைக்கு அன்றைக்கு ஒரு விலைச்சீட்டு வந்துவிட்டது.

விலையைப் போலவே முக்கியமான இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு பன்னாட்டு நிறுவனங்களின் மருந்துகள். போட்டியாளர்கள் மூவரும் உட்கார்ந்து ஒரே மாத்திரை செய்யப்போவதில்லை. இந்தியாவில் அந்தத் தடை இல்லை. சிப்லா மூன்றையும் ஒரே மாத்திரையில் அடக்கி, காலை ஒன்று இரவு ஒன்று என்று ஆக்கியது. அந்நாளில் பணக்கார நாட்டு நோயாளி இண்டினாவிர் என்ற மருந்தை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும், சிறுநீரகத்தில் கல் விழாமலிருக்கக் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், கூடவே வேறு மாத்திரைகளும் உண்டு. ஏழை நாட்டுக்காகச் செய்த மாத்திரை விழுங்குவதற்கு அதைவிட எளிதாக அமைந்தது. ஸ்டாவுடினுக்கு மோசமான பக்க விளைவுகள் இருந்தன, கன்னம் ஒட்டிப்போகும், கால் மரத்துப்போகும். பின்னாளில் அது கைவிடப்பட்டது. ஆனாலும் அந்த முதல் மாத்திரைகள் லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றின.

அதன்பின் போட்டி பெருகப் பெருக விலை இறங்கிக்கொண்டே போனது. டோலுடெக்ராவிர் கலந்த இன்றைய மாத்திரைக்கு 2017இல் ஆண்டுக்கு 75 டாலர் என்று ஒப்பந்தமானது. 2023இல் அது 45 டாலருக்கும் கீழே வந்தது. நம் கணக்கில் ஒரு நாள் மருந்தின் விலை கடையில் குடிக்கும் ஒரு டீயை விடக் குறைவு.

தென்னாப்பிரிக்காவைப் பற்றி எப்போதும் பேசுகிறீர்களே, ஏன்?

உலகில் எச்.ஐ.வி. உள்ளோர் மிக அதிகமாக வாழும் நாடு அது. மருந்து யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு நேருக்கு நேர் நடந்த இடமும் அதுதான்.

மண்டேலா ஆட்சியில், 1997இல், விலை குறைந்த மருந்துகளை வெளியிலிருந்து வாங்க வழிசெய்யும் சட்டம் ஒன்று நிறைவேறியது. அதை எதிர்த்து 39 மருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 1998 டிசம்பரில் ஜாக்கி அக்மத் என்பவரும் தோழர்களும் 'சிகிச்சைச் செயல் இயக்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். "எச்.ஐ.வி. பாசிட்டிவ்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பனியன்தான் அவர்கள் கொடி. தொற்று உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் அதையே போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். தொற்று இருப்பதாகச் சொன்ன பெண்கள் அடித்துக் கொல்லப்பட்ட நாட்டில் அது எத்தனை பெரிய துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். அக்மத்துக்கு மருந்து வாங்க வழி இருந்தது. ஏழைகளுக்கு அரசு மருத்துவமனையில் கிடைக்கும்வரை தானும் தொடப்போவதில்லை என்று மறுத்தார். 2001 ஏப்ரலில் உலகத்தின் கண்டனம் தாங்காமல் நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மண்டேலாவுக்கு அடுத்து அதிபரான தாபோ எம்பெக்கி, எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணம் என்பதையே சந்தேகித்தார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை என்று பரிந்துரைத்துக்கொண்டிருந்தார். 2000 ஜூலையில் டர்பனில் நடந்த பன்னாட்டு எய்ட்ஸ் மாநாட்டின் தொடக்க விழா மேடையில், இங்கோசி ஜான்சன் என்ற 11 வயதுச் சிறுவன், தொளதொளவென்ற கோட்டு சூட்டு போட்டு நின்று, கருவுற்ற தாய்மாருக்கு மருந்து கொடுங்கள் என்று அரசைக் கேட்டான். பிறவியிலேயே தொற்று பெற்றவன் அவன். அடுத்த ஆண்டு ஜூன் முதல் நாள் இறந்துபோனான்.

2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம், தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவாமல் தடுக்கும் நெவிரபினை அரசு தந்தே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் கேப் டவுன் அருகே கயெலிச்சாவில் எல்லைகளற்ற மருத்துவர்கள் நடத்திய மருத்துவமனைக்கு மண்டேலா போய், அந்தப் பனியனைத் தானே வாங்கி மாட்டிக்கொண்டார். 2004இல் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை தொடங்கியது. அந்தத் தாமதத்தால் 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீணாக இறந்தார்கள் என்று ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். இன்று உலகின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டம் அந்த நாட்டினுடையது.

படிக்காத, ஏழை மக்கள் நேரம் தவறாமல் மருந்து சாப்பிடுவார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2001இல் அமெரிக்க வெளிநாட்டு உதவி அமைப்பின் தலைவராக இருந்தவரே, ஆப்பிரிக்கர்களில் பலர் கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை, வேளைக்கு மருந்து எப்படிச் சாப்பிடுவார்கள் என்ற பொருளில் பேசினார். மருந்து மறுக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட மரியாதையான காரணங்களில் இதுவும் ஒன்று.

2006இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு அதற்கு விடை சொன்னது. ஆப்பிரிக்காவில் 77 சதவீதம் பேர் மருந்தைச் சரியாகக் கடைப்பிடித்தார்கள், வட அமெரிக்காவில் 55 சதவீதம் பேர்.

சரியாகச் சாப்பிட முடியாமல் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் தடை கடிகாரம் அல்ல, தூரம்தான். மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் நோயாளிகளே அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆறு பேர் ஒரு குழு. மாதம் ஒருவர் மருத்துவமனைக்குப் போய், தன் பரிசோதனையை முடித்துக்கொண்டு, ஆறு பேருக்குமான மருந்தை வாங்கி வருவார். அடுத்த மாதம் அடுத்தவர். ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு பயணம்தான். ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் கட்டணம் கொடுத்து, வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இது எத்தனை பெரிய விடுதலை என்று புரியும்.

மருந்து சாப்பிடுபவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா?

இரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாகப் பரவாது. "குறைவாகப் பரவும்" என்று திருத்த வேண்டாம், பரவாது.

இதை நிறுவிய பெரிய ஆய்வில் சென்னைக்கும் இடம் உண்டு. கணவன் மனைவியரில் ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள 1,763 இணைகள் ஒன்பது நாடுகளிலிருந்து அதில் சேர்ந்தார்கள். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பு அந்த ஆய்வின் மையங்களில் ஒன்று. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றை 1986இல் மாணவி நிர்மலாவுடன் சேர்ந்து கண்டறிந்தவர் அவர்தான். 2011இல் முடிவு வந்தது. துணையிடமிருந்தே தொற்றியதாக உறுதியான 28 பேரில் 27 பேர், சிகிச்சை தள்ளிப்போடப்பட்ட பிரிவில் இருந்தவர்கள். உடனே சிகிச்சை தொடங்கிய பிரிவில் ஒரே ஒருவர். பிறகு ஐரோப்பாவில் ஆண் இணைகளிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், ஆணுறை இல்லாத ஏறக்குறைய 76 ஆயிரம் உறவுகளுக்குப் பிறகும் துணையிடமிருந்து ஒரு தொற்றுகூட இல்லை.

இது உடலுறவுக்குப் பொருந்தும் உண்மை. ஊசியைப் பகிர்வதற்கு இதே உறுதியைத் தர முடியாது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும்.

சிகிச்சை பெறாத மற்றவர்களுக்கு இதனால் என்ன நன்மை?

தென்னாப்பிரிக்காவின் க்வாஸூலு-நட்டால் மாகாணத்தில் ஒரு கிராமப் பகுதியை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காக வீடு வீடாகக் கவனித்து வந்தார்கள். 2003இல் அங்கே பெரியவர்களின் சராசரி ஆயுள் 49.2 ஆண்டு. சிகிச்சை வந்த பிறகு, 2011இல் 60.5. எட்டே ஆண்டுகளில் பதினோரு வயது கூடியிருக்கிறது. அதே பகுதியில் சிகிச்சை பரவலாக எட்டிய இடங்களில், தொற்றில்லாதவர்களுக்குப் புதிதாகத் தொற்றும் அபாயம் 38 சதவீதம் குறைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மருந்து சாப்பிட்டதால் இவருக்குக் காப்பு.

காசநோயும் இதில் சேர்கிறது. எச்.ஐ.வி. உள்ளோரை அதிகம் கொல்வது காசநோய்தான். எதிர்ப்புச் சக்தி மீண்டால் அந்த ஆபத்து இறங்குகிறது, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அது பரவுவதும் குறைகிறது. எண்ணிக்கையில் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன: பாடம் நடத்த ஆசிரியர் உயிரோடு இருக்கிறார், பேரப்பிள்ளைகளைத் தனியாக வளர்க்க வேண்டிய பாட்டிகள் குறைந்தார்கள்.

தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தைக்கும் வருமா?

எதுவும் செய்யாவிட்டால் 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. தாய் காலத்தோடு மருந்து எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போகிறது, நன்றாக நடக்கும் திட்டங்களில் இரண்டுக்கும் கீழே. இலங்கை 2019இல் தாய்வழித் தொற்றை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. எல்லாக் கர்ப்பிணிகளும் பரிசோதனைக்கு வருகிற அந்நாட்டின் தாய் சேய் நலக் கட்டமைப்பு இல்லாமல் இது நடந்திருக்காது.

இதற்கெல்லாம் பணம் யார் கொடுக்கிறார்கள்?

2002இல் தொடங்கிய உலகளாவிய நிதியம், 2003இல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் அறிவித்த பெப்ஃபார் என்ற வெளிநாட்டு எய்ட்ஸ் உதவித் திட்டம், அந்தந்த நாட்டு அரசுகள். பெப்ஃபார் ஐந்தாண்டுக்கு 1,500 கோடி டாலர் என்ற அறிவிப்போடு தொடங்கியது. ஒரே நோய்க்காக ஒரு நாடு இத்தனை பணம் ஒதுக்கியது அதற்கு முன் நடக்காதது. முதலில் பொதுப்பெயர் மருந்துகளை, அதாவது காப்புரிமையாளர் அல்லாத நிறுவனங்கள் செய்யும் அதே மருந்துகளை, வாங்கத் தயங்கியது. பிறகு இந்திய மருந்துகளுக்கு அனுமதி தந்த பின்னரே அதே பணத்தில் பல மடங்கு பேரை எட்ட முடிந்தது.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரே நாளில் நிறுத்தி வைத்தது. உயிர்காக்கும் மருந்துகளுக்குச் சில நாட்களில் விலக்கு வந்தது என்றாலும், மருந்தைக் கொண்டு சேர்க்கும் பணியாளர்களின் சம்பளம், பரிசோதனை, ஒதுக்கப்பட்டவர்களுக்கான மையங்கள் எல்லாம் அடிபட்டன. அந்த உதவி நிரந்தரமாக நின்று, வேறு யாரும் ஈடு செய்யாவிட்டால், 2029க்குள் கூடுதலாக 40 லட்சம் பேர் இறக்கக்கூடும் என்று ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு கணித்திருக்கிறது. மருந்தை நிறுத்தினால் வைரஸ் சில வாரங்களில் விழித்துக்கொள்ளும் என்று மேலே எழுதினேன். அதை இந்தச் செய்தியோடு சேர்த்துப் படியுங்கள்.

இந்தியாவில் இப்போது காப்புரிமைச் சட்டம் மாறிவிட்டதே, புதிய மருந்துகள் கிடைக்குமா?

உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005 முதல் இந்தியாவும் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தருகிறது. எனவே புதிய மருந்துக்குக் காப்புரிமையாளர் உரிமம் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் காப்புரிமையாளரின் சம்மதமின்றியே மற்றவர் தயாரிக்க அரசு கட்டாய உரிமம் வழங்க வேண்டும். எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு 2006இல் தாய்லாந்தும் 2007இல் பிரேசிலும் கட்டாய உரிமம் வழங்கின. 2010இல் தொடங்கிய மருந்துக் காப்புரிமைக் கூட்டமைப்பு வழியாக டோலுடெக்ராவிருக்கு 2014இல் உரிமம் கிடைத்தது. உரிமத்தின் எல்லைக்கு வெளியே விடப்படும் நடுத்தர வருமான நாடுகளின் பாடுதான் திண்டாட்டம்.

இப்போது பார்க்க வேண்டியது லெனகாபவிர். ஆண்டுக்கு இரண்டே ஊசி போட்டுத் தொற்று வராமல் தடுக்கும் மருந்து. ஆப்பிரிக்காவில் நடந்த சோதனையில் அந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை. 2025 ஜூனில் அனுமதி பெற்றபோது அமெரிக்காவில் அதன் ஆண்டு விலை 28 ஆயிரம் டாலருக்கும் மேல். ஆனால் இரண்டு இந்திய நிறுவனங்கள் 2027 முதல் ஆண்டுக்குச் சுமார் 40 டாலருக்குத் தர ஒப்புக்கொண்டிருக்கின்றன. 1996இன் வான்கூவருக்கும் 2000இன் டர்பனுக்கும் இடையில் போன ஆண்டுகள் இந்த முறை வீணாகாமல் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சிகிச்சைக்கு எங்கே போக வேண்டும்?

பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையம், சிகிச்சைக்கு ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்துச் சிகிச்சை) மையம். இரண்டும் இலவசம். இந்திய அரசு 2004 ஏப்ரல் முதல் நாள் இலவசச் சிகிச்சையைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். வேலையிலோ, பள்ளியிலோ, மருத்துவமனையிலோ ஒருவரைத் தொற்றைக் காரணம் காட்டி ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடைசெய்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் யாருக்கு மருந்து எட்டவில்லை?

2024 முடிவில் உலகில் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தவர்கள் 4 கோடியே 8 லட்சம் பேர். சிகிச்சையில் இருந்தவர்கள் 3 கோடியே 16 லட்சம். மீதி 92 லட்சம். குழந்தைகளின் நிலைமை பெரியவர்களைவிட மோசம், அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர்தான் மருந்து பெறுகிறார்கள்.

இவர்களில் பலருக்கு இன்று தடையாக இருப்பது விலை அல்ல. மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களைக் கவனித்தால் தெரியும். சிலர் புட்டியிலுள்ள காகிதத்தை அங்கேயே நகத்தால் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். சிலர் மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றி, நடக்கும்போது குலுங்கிச் சத்தம் வராமலிருக்க மேலே பஞ்சு வைத்து அடைக்கிறார்கள். வீட்டில் மாமியாருக்குத் தெரியக்கூடாது, விடுதியில் உடன் தங்கியிருப்பவருக்குத் தெரியக்கூடாது. ஒளித்து வைத்த மருந்துதான் வேளை தவறிப்போகிறது.

ஒரு நாள் மறந்துவிட்டால் என்ன செய்வது?

நினைவு வந்தவுடன் சாப்பிடுங்கள். அடுத்த வேளையே வந்துவிட்டதென்றால் அந்த ஒன்று மட்டும் போதும், இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். அடிக்கடி மறக்கிறது என்றால் மையத்தின் ஆலோசகரிடம் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள்.